சீறும் மலைப்பாம்பைக் கைக்குப் பழக்குவது

வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். பெட்டியைத் திறந்ததும் பாம்பு கழுத்தைப் பின்னுக்கு இழுத்து வளைத்துக்கொள்கிறது. உஸ்ஸென்று நீளமாக ஒரு சீறல். கை இன்னும் சற்று நெருங்கினால் ஒரே பாய்ச்சல். வளர்ப்பவர் பதறிப்போய் மூடியைச் சாத்துகிறார். "இது கோபக்காரப் பாம்பு" என்று அதற்கு வீட்டில் பெயர் ஆகிவிடுகிறது. யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்ற பேச்சும் சீக்கிரமே கிளம்பிவிடுகிறது.

அந்தப் பேச்சுக்குப் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சீறுகிற மலைப்பாம்பு பயந்துபோன மலைப்பாம்பு. அந்தப் பயத்துக்கான காரணம் பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும், அல்லது நம் கை அதை நெருங்கும் விதத்தில் இருக்கும். இரண்டையும் சரிசெய்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால், பெரும்பாலான பாம்புகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தணிந்துவிடும்.

இங்கே நான் பேசுவது முக்கியமாக ராயல் பைத்தானைப் பற்றி. பிரிட்டனில் இதற்கு அந்தப் பெயர். அமெரிக்காவிலும் கனடாவிலும் பால் பைத்தான் என்பார்கள். உலகில் மிக அதிகமாக வீடுகளில் வளர்க்கப்படும் மலைப்பாம்பு இதுதான். வளர்ந்த பாம்பு மூன்றடியிலிருந்து ஐந்தடி நீளம் இருக்கும். பெண் பாம்பு ஆணைவிடப் பெரிது. நல்ல பராமரிப்பில் 20, 30 ஆண்டுகள் எளிதாக வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் இருந்த ஒரு பெண் பாம்பு 60 வயதைத் தாண்டிய பிறகு, 2020ஆம் ஆண்டில், முட்டையிட்டது. ஆகவே ஒரு குட்டியை வாங்குகிறவர் தன் வாழ்நாளில் ஒரு பெரும்பகுதிக்கு அதற்குப் பொறுப்பேற்கிறார்.

சட்டத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் காடுகளிலும் வயல்களிலும் இருக்கும் இந்திய மலைப்பாம்பு, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வயலில் ஒன்றைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், பழக்கப் பார்க்காதீர்கள். வெளிநாட்டு இனமான ராயல் பைத்தான், சைட்டிஸ் எனும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பது. இந்தியாவில் அதை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்தாக வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிக்குள்ளிருந்து பிடிபடும் குட்டிகள் எல்லாம் கடத்தல் சரக்கு. அந்த வழியில் வந்ததை வாங்காதீர்கள். பிரிட்டனில் இந்தப் பாம்புக்கு உரிமம் தேவையில்லை. கனடாவில் ஊருக்கு ஊர் விதி மாறும். டொராண்டோவில், வளர்ந்தால் 3 மீட்டரைத் தாண்டும் பாம்பினங்களுக்குத் தடை உண்டு. ராயல் பைத்தான் அந்த அளவுக்கு வளராது.

இனி பயத்துக்கு வருவோம். ராயல் பைத்தானின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகள். பகலெல்லாம் எலி வளைக்குள்ளோ கைவிடப்பட்ட கறையான் புற்றுக்குள்ளோ சுருண்டு கிடக்கும், இரவில் வெளியே வரும். முட்டையிலிருந்து வரும் குட்டி ஓர் அடி, ஒன்றரை அடி நீளம்தான் இருக்கும். பறவையும் தின்னும், பெரிய பாம்பும் தின்னும், ஊனுண்ணும் சிறு விலங்குகளும் தின்னும். இந்த இனத்தின் முதல் தற்காப்பு சுருண்டு பந்தாகித் தலையை நடுவில் ஒளித்துக்கொள்வது. அது பலிக்காது என்று தோன்றினால்தான் சீறலும் பாய்ச்சலும். குட்டிகள் பெரியவற்றைவிட அதிகமாகச் சீறுவதில் வியப்பில்லை. அவற்றின் உலகில் நகரும் எதுவுமே தின்ன வருவதாகத்தான் இருந்தது.

இத்தகைய பிராணியின் மேல் நம் கை எப்படி வருகிறது? மேலிருந்து, வேகமாக, விரல்களை விரித்துக்கொண்டு. மலைப்பாம்பின் உதட்டோரம் வரிசையாக வெப்பக்குழிகள் இருக்கின்றன. இரையின் உடல் வெப்பத்தை இருட்டிலும் உணர்வதற்கானவை. நம் கையும் அந்தக் குழிகளுக்கு வெதுவெதுப்பான ஓர் உயிர்தான். அது யார், எதற்கு வருகிறது என்று பாம்புக்குத் தெரியாது. உணவா, எதிரியா என்று ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டிய நிலையில் அதை நிறுத்துவது நாம்தான்.

பாம்பு எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளாகக் குட்டிகள் ஏற்றுமதியாகின்றன. முட்டையோடு இருக்கும் தாய்ப் பாம்புகளை வளையிலிருந்து எடுத்து வந்து, முட்டைகளைப் பண்ணையில் பொரிக்கவைத்து அனுப்புவது அங்கே வழக்கம். நீண்ட பயணம், நீரிழப்பு, உடலில் உண்ணி, நெரிசல் எல்லாம் பட்டு வரும் பாம்பு அமைதியாக இருக்குமென்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வளர்ப்பிடத்திலேயே பிறந்து, ஏற்கெனவே சில வேளை இரை எடுத்திருக்கும் குட்டியை வாங்கினால் பாதி வேலை குறையும்.

ஆனாலும் இந்த இனம் இயல்பில் சாதுவானது என்பதற்கு அதன் சொந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. பெனினின் ஊய்டா நகரில் பாம்புக் கோயில் ஒன்று உண்டு. வோடூன் வழிபாட்டில் ராயல் பைத்தான் அங்கே புனிதமானது. கோயிலுக்குள் பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இரவில் வெளியே போய் யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்துவிட்டால், ஊர் மக்கள் மெல்லத் தூக்கி வந்து கோயிலில் விடுவார்கள். அவர்கள் கையில் கொக்கியோ கையுறையோ இருக்காது. தூக்குவதில் அவசரமும் இருக்காது.

அடுத்து, பாய்ச்சலில் இரண்டு வகை உண்டு. பலர் இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் தவறான மருந்தைக் கொடுக்கிறார்கள்.

பயத்தில் பாய்கிற பாம்பு பின்வாங்கும். கழுத்து வளைந்திருக்கும், தலை சற்று உயர்ந்திருக்கும், உடல் உப்பி உப்பித் தணியும், சீறல் கேட்கும். பாய்ந்தால் தொட்ட வேகத்திலேயே விட்டுவிடும். வாயைத் திறக்காமல் மூக்கால் இடித்துவிட்டுப் பின்வாங்குவதும் உண்டு. அதற்கு வேண்டியது ஒன்றுதான், நீங்கள் போய்விட வேண்டும்.

பசியில் பாய்கிற பாம்பு முன்னே வரும். மறைவிடத்திலிருந்து தலை நீண்டிருக்கும், நாக்கு நிதானமாக வெளியே வந்து காற்றைத் துழாவும், உங்கள் கை போகும் திசையிலெல்லாம் தலை திரும்பும். சீறாது. பாய்ந்தால் கடித்த இடத்தை விடாமல் உடலைச் சுற்றிக்கொள்ளும். அது உங்களுக்குப் பயந்த பாம்பல்ல, உங்களை எலி என்று நினைத்த பாம்பு.

முதல் வகைக்கு வேண்டியது மறைவிடமும் பொறுமையும். இரண்டாம் வகைக்கு, "இது சாப்பாடு இல்லை" என்று அதற்குச் சொல்லும் ஓர் அடையாளம் போதும். பசியில் பாயும் பாம்புக்கு மாதக்கணக்கில் தனிமை கொடுப்பதாலும், பயந்த பாம்பை அடிக்கடி எடுத்துத் திணறவைப்பதாலும் ஒரு பயனும் இல்லை.

கையை நீட்டுவதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். என் கணிப்பில், பழக்கும் வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது. கடைகளில் அழகுக்காக வைக்கும் கண்ணாடித் தொட்டி ராயல் பைத்தானுக்கு மிக மோசமான இடம். நாலு பக்கமும் வெட்டவெளி, நடுவில் ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு பிளாஸ்டிக் செடி. வளைக்குள் வாழப் பிறந்த உயிருக்கு அங்கே ஒளிய இடமே இல்லை. கண்ணாடியின் மூன்று பக்கமும் வெளியிலிருந்து கருப்புக் காகிதம் ஒட்டுங்கள். சூடான பக்கம் ஒரு மறைவிடம், குளிர்ந்த பக்கம் அதே போல இன்னொன்று வையுங்கள். ஒன்றுதான் இருந்தால், சூடு வேண்டுமா பாதுகாப்பு வேண்டுமா என்று பாம்பு தவிக்க நேரிடும். மறைவிடம் பெரிதாக இருக்கக் கூடாது. சுருண்டு படுத்தால் அதன் உடல் சுவர்களில் உரச வேண்டும். இடைவெளியெல்லாம் மரப்பட்டை, செயற்கை இலை, காய்ந்த இலைச்சருகு என்று அடையுங்கள். பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாம்பு வெட்டவெளியில் வராமலே போக முடிந்தால் அது நல்ல பெட்டி.

குட்டிக்குச் சிறிய பெட்டிதான் நல்லது என்ற பேச்சு நீண்ட நாளாக இருக்கிறது. குட்டியைப் பயமுறுத்துவது பெட்டியின் அளவல்ல, அதன் வெறுமை. மறைப்பு நிறைய இருந்தால் பெரிய பெட்டியிலும் குட்டி நிம்மதியாக இருக்கும். வளர்ந்த பாம்புக்கு 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமுமாவது கொடுங்கள்.

சூடான இடம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை இருக்கட்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்தச் சூடேற்றியையும் இயக்காதீர்கள். சூடாகும் கல் என்று விற்கப்படும் பொருள் வயிற்றைச் சுட்டுவிடும், வேண்டவே வேண்டாம். ரத்தச் சூடு இல்லாத பிராணி இது. செரிப்பதும் நகர்வதும் நோயை எதிர்ப்பதும் வெளிச் சூட்டை நம்பித்தான். குளிரில் விறைத்த பாம்பால் ஓடித் தப்ப முடியாது, அதனால் அது நின்ற இடத்திலிருந்தே சீறும். கடைசியாக, பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். சலவை இயந்திரத்தின் மேலோ ஸ்பீக்கரின் பக்கத்திலோ இருந்தால் நாள் முழுக்க அதிர்வு. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் அதிர்வை உடல் முழுதும் உணரும்.

பெட்டி சரியான பிறகு, ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டிய காலம் வருகிறது. புதிதாக வந்த பாம்பை முதல் ஒன்றிரண்டு வாரம் தொடவே வேண்டாம். தண்ணீர் மாற்றுவது, கழிவை எடுப்பது மட்டும். அதன் பிறகும், தயங்காமல் இரண்டு மூன்று வேளை இரை எடுத்த பின்னரே கையாளுவதைத் தொடங்குங்கள். இரை எடுப்பது பாம்பு அந்த இடத்தை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். பசியோடு இருந்தும் சாப்பிட மறுக்கும் பாம்பைக் கையில் எடுத்தால், பயத்தோடு பட்டினியும் சேர்ந்துகொள்ளும். நண்பர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள், ஒரு தடவை காட்டிவிடலாம் என்ற ஆசை வரும். இந்தக் காலத்தில் அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். குறிப்பாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும். சொன்னால் அவர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

அடுத்த கட்டம், தொடாமல் பக்கத்தில் இருப்பது. மாலையில் விளக்கு மங்கிய பிறகு பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், புத்தகம் படியுங்கள். கதவைத் திறந்து ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு மூடுங்கள். திறந்தால் கெடுதல் ஒன்றும் நடப்பதில்லை என்று பாம்பு கற்க வேண்டும். பாம்பு வாசனையை நாக்கால் எடுத்து, மேல்வாயிலுள்ள ஜேக்கப்சன் உறுப்பில் வைத்து அறியும். நீங்கள் போட்டுக் கழற்றிய பனியன் துண்டு ஒன்றைப் பெட்டியின் மூலையில் போட்டுவைப்பவர்கள் உண்டு. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதில் எலி வாசனையோ வாசனைத் திரவியமோ இருக்கக் கூடாது.

பிறகு தொடுவது. முதல் தொடுகை கையால் வேண்டாம். பாம்புக் கொக்கியோ, காகிதச் சுருளின் உள்ளட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் நடுப்பகுதியை மெல்ல வருடுங்கள். தலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் கழுத்தோரத்தையும் லேசாகத் தள்ளலாம். இரை ஒருபோதும் இப்படித் தொடாது. இடுக்கியின் நுனியில் சூடாக, எலி வாசனையோடு வரும். ஆகவே கொக்கி தொட்டால் இது இரைநேரம் அல்ல என்று சில வாரங்களில் பாம்பு பிரித்து அறிந்துகொள்ளும். பசியில் பாயும் பாம்புக்கு இந்த ஓர் அடையாளமே பெரும்பாலும் போதுமான மருந்து. பயந்த பாம்புக்கும் இது உதவும். திடீரென்று பிடிபடுவதற்குப் பதிலாக, வரப்போவது என்ன என்று அதற்கு முன்கூட்டியே தெரிகிறது. பாம்பை அச்சுறுத்துவது தொடுகையைவிட எதிர்பாராத தொடுகைதான்.

எடுக்கும்போது கை பக்கவாட்டிலிருந்து, தாழ்வாக வரட்டும். தலைக்கு நேரே மேலிருந்து வேண்டாம். தயங்கித் தயங்கி நீட்டி, பாதியில் இழுத்து, மறுபடி நீட்டுவதுதான் மிகக் கெட்ட முறை. அது வேட்டை விலங்கின் அசைவைப் போலவே இருக்கும். முடிவெடுத்துவிட்டால் ஒரே சீரான அசைவில், உடலின் நடுப்பகுதிக்கு அடியில் கையை நுழைத்துத் தூக்குங்கள். மறு கை பின்பாகத்தைத் தாங்க வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்குவது முதுகெலும்பைக் காயப்படுத்தும். கழுத்தை அமுக்கிப் பிடிப்பது கழுகின் பிடிதான், மருத்துவரின் மேசையைத் தவிர வேறெங்கும் அது தேவைப்படாது. எடுத்ததும் தரையிலோ கட்டிலிலோ உட்கார்ந்துகொள்ளுங்கள். விழுந்தாலும் அடிபடாது. கைகள் கிளையாக இருந்தால் போதும். பாம்பு நகரட்டும், நீங்கள் ஒரு கைக்குப் பின் இன்னொரு கையை முன்னே கொடுத்துக்கொண்டே இருங்கள். இறுக்கினால் அது நழுவப் பார்க்கும், நழுவ முடியாவிட்டால் திரும்பிக் கடிக்கப் பார்க்கும்.

தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. நாளடைவில் பதினைந்து, இருபது நிமிடமாக நீட்டலாம். தினமும் எடுத்தால் சீக்கிரம் பழகும் என்பது தவறான கணக்கு. ஒரு முறை எடுத்ததன் பதற்றம் தணிய அதற்கு நேரம் வேண்டும்.

கையிலிருக்கும் பாம்பைக் கவனித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தக் கலையில் முக்கியமானது என்பேன். அசையாமல் கிடக்கும் பாம்பெல்லாம் அமைதியாக இருப்பதாக நினைக்காதீர்கள். இறுகிய பந்தாகச் சுருண்டு தலையை ஒளித்திருந்தால் அது பயத்தின் உச்சம். சிலர் அதையே "எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள்" என்று காட்டிப் படமெடுப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். விசுக் விசுக்கென்று ஓடுவது, உடல் விறைப்பது, துர்நாற்றமான திரவத்தைப் பீய்ச்சுவது எல்லாம் "விடு" என்று கேட்பதுதான். நிம்மதியான பாம்பு மெல்ல நகரும், நாக்கை அடிக்கடி நீட்டி இடத்தை ஆராயும், கையைத் தளர்வாகச் சுற்றியிருக்கும். அந்த நிலையில் இருக்கும்போதே பெட்டிக்குத் திருப்பி அனுப்புங்கள். பந்தாகச் சுருண்டால் மடியில் ஒரு துணியின் மேல் விட்டுக் கையைத் தளர்த்திக் காத்திருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் தலை வெளியே வரும், வந்ததும் அன்றைக்குப் போதும்.

பாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. பின்வாங்கினால் "பாய்ந்தால் ஆள் போய்விடுவான்" என்று பாம்பு கற்றுக்கொள்ளும், அதனால் விடாமல் எடுக்க வேண்டும் என்பது ஒன்று. உடனே விட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கட்சி சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் திணறத் திணறக் கையில் வைத்திருந்தால், பாம்பு கடைசியில் சோர்ந்து கிடப்பதைப் பழகியதாக எண்ணிவிடுவோம். பாய்ச்சல் வருமுன்பே நின்றுவிடுவதுதான் சரி. கழுத்து வளையத் தொடங்கியதும் கையை இழுக்காமல் அப்படியே நிறுத்துங்கள். வளைவு தளர்ந்த பின் மெல்ல விலகுங்கள். அடுத்த முறை அதற்கு முந்தைய படியிலிருந்து தொடங்குங்கள். அப்படியும் பாய்ந்துவிட்டால் அலறாமல், உதறாமல் சில நொடி நிலையாக இருங்கள். அது தணிந்ததும் விலகிக்கொள்ளலாம்.

உதறாமல் இருப்பது சொல்வதற்கு எளிது, உங்களுக்கே பயமிருந்தால் முடியாது. வளர்ப்பவரின் பயத்தை யாரும் பேசுவதில்லை, ஆனால் பாதிச் சிக்கல் அதில்தான். மெல்லிய தோல் கையுறையோ நீளக்கை சட்டையோ போட்டால் உங்களுக்குத் தைரியம் வருமென்றால் தாராளமாகப் போடுங்கள். கை சீராக இயங்குவதுதான் முக்கியம். தடித்த வெல்டிங் கையுறை மட்டும் வேண்டாம். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதில் தெரியாது.

ராயல் பைத்தானுக்கு விஷம் இல்லை. தற்காப்புக்காகக் கடித்தால் ஊசி குத்தியதுபோல் சில புள்ளிகளில் ரத்தம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தடவினால் போதும். ஆழமாகப் பட்டாலோ வீங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். இரையென்று நினைத்துக் கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோல் கிழியும், அதன் பல்லும் உடையும். வால் பக்கத்திலிருந்து சுற்றை அவிழ்த்து, தலைமேல் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டால் விட்டுவிடும்.

இரை கொடுக்கும் முறையும் இதோடு சேர்ந்ததுதான். உறையவைத்த எலியை வெதுவெதுப்பாக்கி, நீளமான இடுக்கியால் கொடுங்கள். விரலால் ஒருபோதும் வேண்டாம். பெட்டிக்குள்ளேயே சாப்பாடு போட்டால் கையைக் கடிக்கும், ஆகவே வேறு டப்பாவில் வைத்து ஊட்ட வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். சாப்பிட்ட பாம்பை உடனே தூக்கி இடம் மாற்றுவதுதான் ஆபத்து, வாந்தி எடுத்துவிடும். இரை எடுத்த பின் குறைந்தது 48 மணி நேரம் தொடக் கூடாது. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் பாம்பை எடுத்தால் கடிபடுவது உறுதி.

தோல் உரிக்கும் காலத்திலும் விட்டுவிடுங்கள். கண் நீலம் பாய்ந்து மங்கியிருக்கும், பார்வை சரியாக இருக்காது, சாதுவான பாம்பும் அப்போது சீறும். உரித்து முடித்ததும் பழையபடி ஆகிவிடும். நீண்ட நாள் அமைதியாக இருந்த பாம்பு காரணமின்றிச் சீறத் தொடங்கினால் அது குணம் மாறியதாக நினைக்காதீர்கள், வலியாக இருக்கலாம். மூச்சில் கரகரப்பு, வாயோரம் நுரை, வயிற்றில் சுட்ட தழும்பு, செதில்களுக்கிடையே கரும்புள்ளி போன்ற உண்ணி, கண்மேல் உரியாமல் நின்ற தோல் ஆகியவற்றைத் தேடுங்கள். ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, ஸ்பைடர் என்று விற்கப்படும் நிறவகையில் நரம்புக் கோளாறு பிறவியிலேயே இருக்கிறது. தலை ஆடும், குறி தவறும். அந்தப் பாம்பைப் பழக்கிச் சரிசெய்ய முடியாது, சலனம் குறைவான இடம் கொடுத்து ஆதரிக்கத்தான் முடியும்.

மற்ற மலைப்பாம்புகளுக்கும் அடிப்படை இதுவே, அளவுதான் வேறு. கார்ப்பெட் பைத்தான் குட்டியில் படபடவென்று கடிக்கும், பெரும்பாலும் வளர வளரத் தணியும். பச்சை மரப் பைத்தானைக் கிளையிலேயே விட்டுப் பார்த்து மகிழ்வதுதான் அதற்கு நல்லது. வலைத்தோல் மலைப்பாம்பும் பர்மிய மலைப்பாம்பும் எட்டடியைத் தாண்டிய பின் தனியாளாகக் கையாளக் கூடாதவை. பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும்.

எடுக்குமுன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா கிருமி இயல்பாகவே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் தொடாமல் இருப்பது நல்லது. சமையலறைக்குள் பாம்பையும் அதன் கிண்ணத்தையும் கொண்டுபோகாதீர்கள்.

இவ்வளவும் செய்தால் பாம்பு உங்களிடம் அன்பு காட்டுமா என்று கேட்பார்கள். நாய் காட்டுவதுபோல் காட்டாது. உங்கள் வாசனையும் கையும் தீங்கற்றவை என்று அறிந்து, கையில் இருக்கும் நேரத்தில் நிதானமாக உலவும். பயந்து வாழப் பிறந்த உயிர் அந்த அளவுக்கு வருவது சிறிய விஷயமல்ல. முன்னேற்றம் நேர்க்கோட்டில் போகாது. ஒரு மாதம் அமைதியாக இருந்துவிட்டு மறு வாரம் சீறும். தேதி, இரை, தோல் உரித்தல், கையில் இருந்த நேரம், நடந்துகொண்ட விதம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் காரணம் பெரும்பாலும் கண்ணில் படும்.

சில பாம்புகள் கடைசி வரை கைக்கு வராது. பெட்டி சரி, உடல்நலம் சரி, ஆண்டு கடந்தும் எடுக்கும்போதெல்லாம் நடுங்கிச் சுருண்டால், எடுப்பதை நிறுத்திவிடுங்கள். சுத்தம் செய்யவும் மருத்துவரிடம் கொண்டுபோகவும் மட்டும் கொக்கியாலும் ஒரு மூடிய டப்பாவாலும் இடம் மாற்றலாம். கையில் ஏறாத பாம்பும் முழுமையான, நலமான பாம்புதான். உங்களால் முடியாதென்றால் அனுபவமுள்ள வளர்ப்பாளரிடமோ ஊர்வன மீட்பு மையத்திடமோ ஒப்படையுங்கள். வெளியே மட்டும் விட்டுவிடாதீர்கள். குளிர் நாட்டில் அது செத்துப்போகும். வெப்பமான இடத்தில் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் புளோரிடா கண்டுவிட்டது. வீடுகளிலிருந்து தப்பியும் கைவிடப்பட்டும் போன பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி, அவை நெடுங்காலமாக இருக்கும் பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துபோயிருந்தது.